இடது முன் சக்கரத்துச் சத்தம்

பிப்ரவரி 9, திங்கள்

பால், காய்கறி, பெட்ரோல் எல்லாம் கணக்கு எழுதி முடித்தாயிற்று. மனசுதான் எந்தக் கூட்டலுக்கும் வரமாட்டேன் என்கிறது.

இன்றும் கடைத்தெரு வேகத்தடையில் காரின் இடது முன் சக்கரம் ‘டொக்’ என்றது. அவர் எதுவும் கேட்காதவர் போல ஓட்டினார். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் எங்கள் நடுவில் மகள் வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

வேகத்துக்கென்றே செய்த வண்டி. அதில்தான் அவர் தினமும் ஆபீஸ் போகிறார், நான் வெங்காயம் வாங்கப் போகிறேன். போன ஜூனில் மகள் ஒருநாள் எடுத்துப்போய், நடைபாதைக் கல்லில் இடது சக்கரத்தை இடித்துவிட்டாள். சத்தம் அதற்குப் பிறகுதான் எங்கள் காதில் விழுந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே, “ஓட்டத் தெரியாதவ சாவியைத் தொடக் கூடாது” என்றார் இவர். அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். “இனி இந்த வண்டியில ஏறவே மாட்டேன்ப்பா.” அதோடு பேச்சு நின்றது.

பேரன் பிறந்து நான்கு வாரம். நான் பஸ்ஸில் போய் இருந்துவிட்டு வந்தேன். இவர் இன்னும் முகம் பார்க்கவில்லை. கேட்டால், “இந்தச் சத்தத்தோட அவ்வளவு தூரம் எப்படிப் போறது?” பஸ் என்று ஒன்று ஓடுகிறதே!

பிப்ரவரி 12

புதுப் புஷ் பெட்டி செப்டம்பரிலிருந்து மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. அவரே வாங்கியதுதான். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டியோடு சேரும் இடத்தில், குழல் மாதிரி ஒரு ரப்பர். அதுதான் புஷ். இரும்பும் இரும்பும் மோதாமல் நடுவில் இருந்து அடி வாங்கிக்கொள்ளும். இந்த வீட்டில் அந்த வேலை யாருடையது என்று கேட்காதே மனமே.

முன்பெல்லாம் வண்டி லேசாக முனகினாலே அடியில் போய்ப் படுத்துவிடுகிற மனுஷர். இப்போது ஞாயிறு வந்தால் தலைவலி. சத்தம் போனால் போகாமலிருக்கிற சாக்கும் போய்விடும் — அதுதானே? எனக்குத் தெரியாதா என்ன?

உட்கார முடியவில்லை. மளிகை அலமாரியை இரண்டாம் முறை அடுக்கினேன்.

பிப்ரவரி 13

ரப்பர் புஷ்ஷுக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பிப்ரவரி 14

வேண்டினால் மட்டும் போதாது என்று தோன்றியது. பெட்டியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் அவர் தட்டு வைக்கிற இடத்தில் வைத்தேன்.

“இதையா சாப்பிடணும்?”

“மாசக்கணக்கா ஆறிக் கிடக்கு. சூடு பண்ணித் தரட்டுமா?”

சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையிலேயே வண்டியைத் தூக்கித் தாங்கிகள்மேல் நிறுத்தி, முன் சக்கரங்களைக் கழற்றினார். நான் வழக்கம்போல டார்ச்.

இடது பக்க இரும்புக் கையைக் கழற்றியதும் என்னிடம் நீட்டினார். ரப்பர் சுற்றிலும் வெடித்து, ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. “பாத்தியா? இடிச்சதோட லட்சணம்.” நான் பார்த்தேன்.

மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். வலது கையையும் கழற்றினார். அதிலும் அதே வெடிப்பு. அதே இடத்தில், அதே மாதிரி பிய்ந்து. வலது சக்கரம் எந்தக் கல்லிலும் இடிக்கவில்லை.

இரண்டையும் செய்தித்தாள்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விரலால் அழுத்தினார். ரப்பர் தூள் தூளாக உதிர்ந்தது. வயசாகிப் போன ரப்பர். அவள் எடுப்பதற்கு முன்பே போயிருக்கிறது.

லேத் பட்டறைக்குப் போய்ப் பழையதைத் தள்ளி எடுத்து, புதியதை அழுத்திக்கொண்டு வந்தார். கைகளை மாட்டினார், சக்கரங்களைப் பூட்டினார். அப்புறம் — வண்டி தாங்கியில் இருக்கும்போதே, சக்கரங்கள் தொங்கும்போதே, புஷ் போல்ட்டுகளை இறுக்கிவிட்டார்!

சக்கரம் வண்டியின் பாரத்தைச் சுமக்கும்போதுதான் அவற்றை இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும் என்று எனக்குச் சொன்னதே அவர்தான். கல்யாணமான நாளிலிருந்து டார்ச் பிடித்துப் படித்த படிப்பு. இன்றைக்குப் பார்த்து அவர் மறக்கிறார், நான் சொல்ல மாட்டாமல் நிற்கிறேன்.

பிப்ரவரி 16

பிரார்த்தனைக்குக் கண்ணை மூடினால் போல்ட் தெரிகிறது.

சொன்னால்? அடிபட்டுப் போயிருக்கிறவரை மேலும் குத்துவதாக ஆகும், மறுபடி தலைவலி வரும். சொல்லாவிட்டால்? ரப்பர் கிழியும், சத்தம் வரும், அப்போது யார் தலையில் போடுவார்? கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து கால்தான் வலிக்கிறது.

காபி கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். “நேத்து தூக்கி வச்சபடியே முறுக்கிட்டீங்க.”

“யாரு, நானா?”

காபி ஆறியது. ஆபீசுக்குப் போன் செய்து லேட்டாகும் என்றார். “டார்ச்சை எடுத்துட்டு வா.”

நாலு சக்கரமும் பலகைமேல் நிற்க, அடியில் படுத்துப் போல்ட்டுகளைத் தளர்த்தினார். முறுக்கு விட்டுப்போய் உள்ளே ‘கிர்’ என்று ஒரு சத்தம். மறுபடி இறுக்கினார். முகம் தெரியாத இடத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

“அவகிட்ட என்னன்னு சொல்றது?”

“எனக்கு டார்ச் பிடிக்கத்தாங்க தெரியும்.”

பிப்ரவரி 17

கடைத்தெரு வேகத்தடை. ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன என்று கேட்டார். மடியில் பை இருந்தது, வெங்காயம் என்றேன்.

பிப்ரவரி 19

யாரும் சொல்லாமலே சக்கர அலைன்மென்ட் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது? வண்டிச் செலவா? ‘பயணம்’ என்று எழுதினேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு. மகள் வீடு

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்து, “வாம்மா” என்றாள். அவரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, வழி மட்டும் விட்டாள். மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டார். இவர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தார்.

“என்னப்பா இது, குழந்தைக்குப் பொம்மையா?”

“பழைய புஷ். இது இடது. இது வலது.” விரலால் இரண்டையும் தொட்டுக் காட்டினார். “ரெண்டும் ஒரே மாதிரி போயிருக்கும்மா. நீ இடிச்சதுல இல்ல. வண்டியை அடியில பாக்காம உன்னைப் பேசிட்டேன்.”

மாப்பிள்ளை முன்னால்தான் சொன்னார். அன்றைக்கும் அவர் முன்னால்தானே சொன்னார்.

“இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“வாயால சொன்னா நம்ப மாட்டே.”

அவள் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் விரலிலும் கரி, அவர் விரலிலும் கரி.

“போய்க் கையைக் கழுவிட்டு வாங்கப்பா,” என்றாள். “இந்தக் கையோட அவனைத் தூக்க முடியாது.”

பிப்ரவரி 23

குழந்தைக்குத் தடுப்பூசி. மாப்பிள்ளை டாக்சிக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். இவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். மகள் குழந்தையோடு நேராகப் போய்ப் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஊரில் யாரையும் முன்னால் விடாதவர், இன்று ஒரு சைக்கிள்காரருக்கு வழிவிட்டார். பின்னாலிருந்து மகள், “அப்பா, நடந்தே போயிடலாமா?” என்றாள். தெருமுனையில் வேகத்தடை வந்தது. இவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஏற்றி இறக்கினார்.

பேரன் தூங்கிக்கொண்டே இருந்தான்.