மிச்ச மருந்து

அம்மருட், ஒஸ்லோ
16.11.2003

அன்புள்ள அனஸ்ரேசியா அக்காவுக்கு,

உதயகுமாரியின் கணவன் சந்திரகுமார் எழுதுவது. நாங்கள் ஒருதரம்கூட நேரில் கண்டதில்லை. உதயா உங்களை அக்கா என்று சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். வயதில் நான் மூத்தவனாக இருந்தால் குறை நினைக்க வேண்டாம். இங்கே நானும் உதயாவும் மகள் மிதுனாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். முதல் பனி விழுந்துவிட்டது. பின்னேரம் பிள்ளையைப் பாலர் பாடசாலையிலிருந்து கூட்டி வரும்போதே வீதி விளக்கு எரிகிறது. சண்டை நின்றபிறகு வன்னிக்கு மருந்து ஒழுங்காக வருகிறது என்று கேள்விப்பட்டோம். அது இப்படியே இருக்க வேண்டும்.

நான் கடிதம் எழுதிப் பழகியவன் அல்ல. இந்த நாட்டின் வடக்கே மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்த கை, இப்போது ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறது. எங்கள் வீட்டில் பேனை பிடிப்பது உதயாதான். அவளுக்குத் தெரியாமல் எழுதுவதால் பிழை திருத்த ஆளில்லை.

நீங்கள் இரண்டு பேரும் ஊரில் ஒன்றாகப் படித்து வாங்கிய நேர்ஸ் சான்றிதழ் இடம்பெயர்வில் தொலைந்தது உங்களுக்குத் தெரியும். தாள் இல்லாதவளுக்கு இங்கே நேர்ஸ் வேலை இல்லை. முதியோர் இல்லத்தில் உதவியாளாக வேலை செய்துகொண்டே மொழி படித்து, கல்லூரியில் மறுபடியும் அரிவரியிலிருந்து தொடங்கினாள். மருந்துக் கணக்குப் பரீட்சையில் ஒரேயொரு பிழை விட்டாலும் பெயில் ஆக்குவார்கள். அதில் முதல் தரமே சித்தி. ஆனால் ஊசி போட்டுக் காட்டுகிற செய்முறைப் பரீட்சையில் இரண்டு தரம் பெயில். மூன்று தரம்தான் எடுக்க விடுவார்கள். வருகிற தையில் மூன்றாவது. அதுவும் பெயில் என்றால் நேர்ஸ் என்ற கதையே அவளுக்கு இல்லை.

முதல் தரம் வந்து, “கை நடுங்கிப்போச்சு” என்றாள். “ஊரிலை ஷெல் விழேக்கை நடுங்காத கை, பிளாஸ்ரிக் பொம்மைக்கு ஊசி போடவோ நடுங்கினது?” என்று பகிடி விட்டேன். சிரிக்கவில்லை. இரண்டாம் தரம் வந்தபோது, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

உண்மையைச் சொன்னது ஹொல்ம்லியாவில் இருக்கிற யதுர்ஷா. உதயாவோடு அதே வகுப்பில் படிக்கிற பிள்ளை, இங்கே பிறந்து வளர்ந்தவள். ஒருநாள் என் பஸ்ஸில் ஏறினாள். “அங்கிள், எக்சாமன்லை அன்ரி எல்லாம் சரியாத்தான் செய்தவா. மிச்ச மருந்தை மட்டும் ஊத்தேல்லை” என்றாள். மருந்துக் குப்பியை உடைத்து, சொன்ன அளவை எடுத்து ஊசி போட்டபிறகு, மிச்சத்தை எல்லோரும் பார்க்க ஊற்ற வேண்டுமாம். உடைத்த குப்பியை வைத்திருக்கக் கூடாதாம். உதயா அதன் வாயைப் பஞ்சால் மூடித் தட்டின் மூலையில் வைத்துவிட்டாளாம். இரண்டாம் தரம் பரீட்சகர், “மிச்சம்?” என்று கேட்டே பார்த்திருக்கிறார். இவள் தமிழில், “ஆருக்கும் தேவைப்படும்” என்று சொன்னாளாம்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் தயிர் டப்பாவைத் திறந்தால் தயிர் இருக்காது. அரை வெங்காயம், கால் தேசிக்காய், இரண்டு நாள் பழைய சொதி. இந்த நாட்டில் தமிழ் வீடெல்லாம் அப்படித்தான். அந்தப் புத்திதான் பரீட்சையிலும் போய் நின்றிருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு அவள் பழகுவதைக் கவனித்தேன். கல்லூரியில் பழகக் கொடுத்த உப்புத்தண்ணீர்க் குப்பிகள் கொஞ்சம் வீட்டில் இருக்கின்றன. குசினி மேசையில் வைத்து உடைப்பாள், எடுப்பாள், காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றுவாள். பார்க்க அழகாக இருக்கும். மிச்சம் என்று வந்ததும் கை நின்றுவிடும். குப்பியைத் தொட்டியின் மேல் சரிப்பாள். ஒரு துளி விழாது. இப்போது யன்னல் விளிம்பில் பஞ்சால் வாய் மூடிய குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. போன கிழமை, “வெறும் உப்புத்தண்ணி, ஊத்தன்” என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்து, “அவா நிக்கிறா” என்றாள். திரும்பினேன். நடையில் எங்கள் குளிர்க்கோட்டுகள் மூன்றும் தொங்கிக்கொண்டிருந்தன. வேறு ஒருவரும் இல்லை.

அக்கா, நான் பேய் பிசாசுக்குப் பயந்தவன் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கோட்டுகளைப் பார்க்காமல்தான் நடையைக் கடக்கிறேன்.

இன்னொன்றும் இப்போதுதான் விளங்குகிறது. மிதுனா பிறந்த அன்று, இரத்தம் போவது நிற்பதற்காக மருத்துவிச்சி உதயாவுக்கு ஓர் ஊசி போட்டு, மிச்சத்தைக் குப்பைப் பெட்டியில் போட்டார். உதயா கட்டிலில் எழும்பி அதை எடுத்து வைக்கச் சொல்லிக் குழறினாள். பிள்ளையைக்கூடக் கையில் வாங்கவில்லை. நோவில் பிதற்றுகிறாள் என்று நான் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

யார் அந்த அவா? கேட்டால் எழும்பிப் போகிறாள். உங்கள் பெயரைச் சொன்னால் மட்டும் கொஞ்சம் நிற்கிறாள். எனக்குச் சொல்லக் கூடாதது என்றால் சொல்ல வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள். பரீட்சைக்காக மட்டும் கேட்கவில்லை. நாங்கள் மூன்று பேர் இருக்கிற வீட்டில் வேறு யாரோ குடியிருப்பதுபோல இருக்கிறது. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரன் போன்ற
சந்திரகுமார்


மல்லாவி
10.12.2003

என் உதயா,

ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் காப்பாராக. உன் மனுசன் எனக்குக் கடிதம் எழுதினார். அதற்காக அவரோடு சண்டை பிடிக்காதே. எழுத்துப்பிழை நிறைய, மனுசன் நல்லவர். அவர் கேட்டதை அவருக்கு நான் எழுதவில்லை. சொல்வதும் விடுவதும் உன் பாடு. நாங்கள் இரண்டு பேரும் எட்டு வருடமாக இதைக் கதைக்கவில்லை. நீ கலியாணம் முடித்துப் போகிற அன்றுகூட முறுக்கைப் பற்றியும் பெட்டியின் பாரத்தைப் பற்றியும்தான் கதைத்தோம். இனிக் கதைப்போம்.

இடம்பெயர்ந்து போய்த் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தை ஆசுபத்திரி ஆக்கியிருந்தோம். வாங்குகளைச் சேர்த்துக் கட்டில். கரும்பலகையில் பிள்ளைகள் விட்டுப்போன பின்னக் கணக்கு அழியாமல் இருந்தது. பிள்ளைப்பேற்று இரத்தம் நிறுத்துகிற மருந்து ஒரு குப்பிதான் மிச்சம். காலையில் ஒரு தாய்க்குத் தில்லைநாதன் டொக்டர் பாதி போதும் என்றார். நீ பாதி போட்டாய். மற்றப் பாதியை வெளியே மழை மண்ணில் ஊற்றினாய். உடைத்த குப்பியை வைத்திருக்கக் கூடாது என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தவர்கள். நானும் பக்கத்தில் நின்றேன். நானாக இருந்தாலும் ஊற்றியிருப்பேன்.

மழை விடமுதல் உழவு இயந்திரப் பெட்டியில் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே பிள்ளை பெற்றவள். தூக்க வந்தவர்களைத் தள்ளிவிட்டுத் தானே இறங்கி நடந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் இருந்த இரத்தத்தை நீயும் கண்டாய், நானும் கண்டேன். நீ வெளியே ஓடினாய். மருந்து தேடி ஓடுகிறாய் என்று நினைத்தேன். நீ மருந்து ஊற்றிய மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாய். விளக்கு வைக்கமுன் அவள் போய்விட்டாள்.

அந்தப் பாதி மருந்து இருந்திருந்தாலும் அவளைக் காப்பாற்றியிருக்க ஏலாது என்று டொக்டர் சொன்னார். அது உண்மையோ, உன்னை வேலைக்குத் திருப்பச் சொன்னதோ, எனக்குத் தெரியாது. பொய் ஆறுதல் சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும்தானே.

ஆனால் ஒன்று எழுதுகிறேன். நீ அவளுடைய பெயரை ஒருநாளும் கேட்கவில்லை. யாராவது சொல்ல வந்தாலும் எழும்பிப் போவாய். நான் அவளுடைய தங்கையிடம் கேட்டேன். அவளுடைய பெயர் மங்களேஸ்வரி. அந்த மழையிலும் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, உதயா. பெயர் தெரியாத ஆளாக எட்டு வருடம் வாசலில் நிற்க விட்டுவிட்டாய்.

இங்கே இப்போது மருந்து வருகிறது. எப்போது நிற்கும் என்று தெரியாத வரவுதான், ஆனாலும் வருகிறது. இப்போது நானும் மிச்சத்தை ஊற்றுகிறேன். முதல் நாள் எனக்கும் ஏலவில்லை. பிறகு உங்கள் சைவ ஆட்கள் கீரிமலையில் செத்தவர்களின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்பது நினைவு வந்தது. நான் வேதக்காரி, எனக்கு மந்திரம் தெரியாது. பெயரை மட்டும் சொல்லி ஊற்றினேன். பெண்கள் இறைப்பதில்லை என்று உங்களில் சொல்வார்கள். சொல்லட்டும். அன்று வாசலில் நின்றவளுக்கு முன்னால் எந்த ஆம்பிளை நின்றான்? நீயும் நானும்தானே நின்றோம்.

நீயும் சொல்லி ஊற்று. வீணாக்குகிறாய் என்று நினைக்காதே. அவளுக்கு இறைக்கிறாய்.

அவளுடைய பெண்பிள்ளை தப்பியது உனக்குத் தெரியும். இப்போது எங்கே என்று நீ கேட்டால் எழுதுவேன். கேட்காமல் எழுதமாட்டேன்.

தையில் பரீட்சை நாளன்று உனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன். சுவாமிப்படத்துக்கு முன் நீயும் ஒரு விளக்கு வை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அனஸ்ரேசியா


அம்மருட், ஒஸ்லோ
22.02.2004

அன்பின் அக்கா,

உங்கள் கடிதம் நத்தார் பண்டிகைக்குப் பிறகு கிடைத்தது. குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். வெளியே வந்து சந்திரனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழும்பிப் போய் நடையில் தொங்கிய கோட்டுகளை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்தார். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. எனக்குத் தெரியாமல் எழுதியதற்கு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன். அவர் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டபிறகு அந்தக் கோபம் வேறு கோபமாக மாறிவிட்டது.

யன்னலில் இருந்த குப்பிகளை ஊற்றப் பார்த்தேன். ஏலவில்லை. பெயரைச் சொல்லாமலே குப்பியைத் திரும்ப வைத்துவிட்டேன். பெயர் தெரிந்தபிறகு முன்னையைவிடக் கிட்ட நின்றாள், அக்கா. முன்பு வாசலில் நின்றவள், இப்போது மேசைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். உங்களில் கோபம்கூட வந்தது. அப்படியேதான் பரீட்சைக்கும் போனேன்.

நோயாளியாகக் கிடத்தியிருந்த பொம்மையின் பெயரைச் சொல்லி, ஆள் சரி என்று உறுதிப்படுத்தினேன். குப்பியை உடைத்தேன், அளந்தேன், போட்டேன். மிச்சம் கையில் இருந்தது. யதுர்ஷா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்கும் வாசலில் நிற்கிற பழக்கம். நான் தொட்டியின் மேல் சரித்து, வாய்விட்டு, “மங்களேஸ்வரி” என்றேன். ஊற்றினேன். மழை மண்ணில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் தகரத்தில் விழுகிற சத்தம்தான் கேட்டது.

பரீட்சகர் எழுதுவதை நிறுத்தி, அது யாருடைய பெயர் என்று கேட்டார். என்னுடைய அடுத்த நோயாளி என்று சொன்னேன். அவர் பிழையாக எடுக்கவில்லை. பாவம், பதறுகிறாள் என்று நினைத்திருப்பார். அடுத்தவருக்குப் புதிது உடைக்கலாம், இங்கே நிறைய இருக்கிறது என்று சொல்லி அலுமாரியைத் திறந்து காட்டினார். பெட்டி பெட்டியாக இருந்தது, அக்கா. தட்டுத் தட்டாக. நான் அவர் முன்னால் அழுதேன். அதற்கு மார்க் குறைக்கவில்லை.

சித்தி என்று போன கிழமை அறிவித்தார்கள். சந்திரன் சந்தோஷத்தில் கேக் வாங்கி வந்தார். பாதிதான் சாப்பிட முடிந்தது. மிச்சத்தைத் தயிர் டப்பாவில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். இது மட்டும் என்னால் விட ஏலாது என்று சொன்னேன். மூன்று பேரும் சிரித்தோம். மிதுனா என்னவென்று தெரியாமலே சிரித்தாள்.

அவள் போய்விட்டாள் என்று நினைக்க வேண்டாம். இனி நான் படுக்கைக்குப் படுக்கை ஊசியோடு போவேன், மிச்சம் ஊற்றுவது தினசரி வேலை. ஒவ்வொரு தரமும் அவள் வருவாள். வரட்டும். இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குத் தெரியும்.

அக்கா, நான் கேட்டால்தான் எழுதுவேன் என்றீர்களே, கேட்கிறேன். மங்களேஸ்வரியின் பிள்ளை எங்கே? எட்டு வயது நடக்கும். பள்ளிக்கூடம் போகிறாளா? இருமல், காய்ச்சல் என்று உங்களிடம் வருகிறாளா? என்னைப் பற்றி அவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் வருகிற நாளில் உங்கள் அலுமாரியில் மருந்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாமல் போகும்போல் இருந்தால், போகமுன்னமே எனக்கு எழுதுங்கள்.

என்றும் உங்கள்,
உதயா