தேர் திரும்பிய முனை

அண்ணா,

இன்று ஆகஸ்டு பதினைந்து. காலைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் கொடியேற்றினார்கள். என் புடவையில் ஒரு காகிதக் கொடியைக் குத்திவிட்டார்கள். வருடாவருடம் நீ கொடி ஒட்டிய அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறியதும் நீ கண்முன் வந்து நின்றாய்.

நீ சாமியாருக்கு உதவியாய் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியாராக இருந்த காலமெல்லாம் இந்த நாளில் ஒரே பிரசங்கம்தான். "வெள்ளக்காரன் குறிச்ச தேதின்னு நெனச்சிக்கினு இருக்கீங்க. இது மாதா குறிச்ச தேதி. அவங்க மோட்சம் போன நாள்லதான் நம்ம நாடு பொறந்துச்சு. இந்த நாட்டுக்குத் தாயே அவங்கதான்." நான் நம்பினேன். இன்னும் நம்புகிறேன். அதனால்தான் மனசு ஆறவில்லை.

ஒவ்வொரு வருடமும் இதே நாள் சாயங்காலம் மாதா தேர், மேல்சாதிக்காரர்கள் இருக்கும் ஊர்த்தெருவைச் சுற்றிவிட்டு நம் காலனி முனையில் திரும்பிவிடும். ஒரு வருடம் நீ வீடு வீடாக வந்து சொன்னாய்: "இந்த வாட்டி நம்ம தெருவுக்கு வருது. சாமியார் ஒத்துக்கினாரு."

தெருவெல்லாம் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டோம். எழ முடியாமல் கிடந்த அம்மா, "மாதா நம்ம வூட்டாண்ட வர்றாங்களா? என்னத் தூக்கி வெளிய போடுங்கடி" என்றாள். கட்டிலோடு வாசலில் வைத்தோம். தேர்மேல் இறைக்க உப்பும் மிளகும் அவள் கையில் கொடுத்தேன்.

கொட்டுச் சத்தம் முனைவரை வந்தது. ஊர்த்தெருக்காரர் ஒருவர் "திருப்புங்கடா" என்றார். கொடி பிடித்து முன்னால் வந்தவன் நீ. எங்களைப் பார்த்தாய். கொடியோடு திரும்பினாய்.

ஓடிவந்து மறித்தேன். "இன்னாண்ணா இது? அம்மா வாசல்ல கெடக்குது."

"சும்மா இரு மே. கலாட்டா ஆச்சுன்னா தேரே கெடையாதும்பாங்க."

"மாதா பெத்த நாட்டுல நம்ம தெரு இல்லியா?"

நீ என்னைச் சுற்றிக்கொண்டு கொடியோடு நடந்தாய்.

வீட்டுக்கு வந்தால் அம்மா கையில் உப்பு வேர்வையில் கரைந்து மிளகு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. "மாதா போய்ட்டாங்களா?" என்று ஒரே முறை கேட்டாள். அடுத்த திருவிழாவுக்கு அவள் இல்லை. அதற்கப்புறம் நான் உன்னோடு பேசவில்லை.

அவ்வளவு அடங்கிப் போனாயே, கல்லறைத் தோட்டத்தில் ஊர்த்தெருக்காரர்களையும் நம்மையும் பிரிக்கும் சுவருக்கு இந்தப் பக்கம்தான் உன்னையும் புதைத்தார்கள். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நான் போடவில்லை.

இதோ கொட்டு கிளம்பிவிட்டது. "வராத தேருக்கு ஏன் ஆயா?" என்கிறாள் பேத்தி. அம்மாவின் கட்டிலை வாசலில் எடுத்துப் போட்டிருக்கிறேன். உப்பையும் மிளகையும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். நீ திரும்பிய முனையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.