மருதாத்தாள் பேருக்கு நின்றவள்

கொழிஞ்சாம்பாறை
18-9-1974

மருதாவுக்கு கமலா எழுதறது.

இங்க நானும் அவரும் புள்ளைக ரெண்டும் சௌக்கியம். அந்த எடின்பரோ குளிருல நீ வெறைச்சுப் போகாம இருக்கறயா?

உம்பட போட்டோ வந்துச்சு. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு மைக்ராஸ்கோப் பக்கத்துல நிக்கறயே, அதுதான். பெரியம்மா அதைக் கண்ணாடி போட்டு ஆசாரத்துல, வந்தவங்க உக்கார்ற எடத்துல, மாட்டிப்போட்டாங்க. ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைக்குக் காப்பி குடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் போட்டோவைத்தான் காட்டறாங்க. எம்பட மக கோழிமுட்டையை ஒடைச்சு உள்ள இருக்கற இருதயத்தைப் பாக்கறா, அதுக்கு வெள்ளைக்காரன் சம்பளம் குடுக்கறான்னு ஒரே பெருமை. நானுந்தான் தெனம் கோழிமுட்டை ஒடைக்கறேன். எனக்கு ஆரு குடுக்கறாங்க?

பொறாமைதான். உங்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? பெரியப்பன் மகளும் சித்தப்பன் மகளும் ஒண்ணாத்தான் சித்தூர் காலேஜுக்கு பஸ் ஏறுனோம். நீ அங்க நிக்கறே, நான் இங்க மாட்டுக்குத் தண்ணி காட்டறேன்.

சேதி இதுதான். உம்பட செங்கோட்டையண்ணனுக்குப் பொண்ணு முடிவாயிருச்சு, பொள்ளாச்சிப் பக்கம். உனக்கு மொதல்ல முடியட்டும்னு காத்துக் காத்து அண்ணனுக்குக் காதோரம் நரைச்சுப் போச்சு. தையில கண்ணாலம். இணைச்சீருக்கு நீ வேணும். மாப்பிள்ளைக்குப் பொறந்தவ பக்கத்துல நின்னு கூறைச்சேலை முனையைப் புடிக்காம நம்ம சனத்துல எந்தக் கண்ணாலம் நடந்திருக்குது? லீவு கேட்டுப் பொறப்பட்டு வா.

உம்பட
கமலா


எடின்பரோ
6-10-1974

அன்புள்ள கமலாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். அண்ணனுக்குக் கல்யாணம் என்றால் நான் பறந்து வர வேண்டாமா? ஆனால் தையில் முடியாது. காரணத்தைச் சொல்கிறேன், அம்மாவுக்குப் புரியும்படி நீ எடுத்துச் சொல்.

மூன்றாம் நாள் முட்டைக்குள் இருதயம் துடிப்பதைக் காலேஜில் நாம் பார்த்தோமே, நான் தேடுவது அதற்கும் முந்தியதை. இருதயம் என்று ஒன்று வருவதற்கு முன்னால் அதற்கான செல்கள் எங்கே இருக்கின்றன, எந்த வழியாக வந்து கூடுகின்றன என்பதை. காடையின் செல்லும் கோழியின் செல்லும் சாயம் போட்டால் வேறு வேறாகத் தெரியும். அதனால் காடைக் கருவிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, கோழி முட்டையின் ஓட்டில் சின்ன சன்னல் வெட்டி, உள்ளே கருவில் வைத்து, சன்னலை மெழுகால் அடைத்துவிடுகிறேன். இதுவரை வைத்ததெல்லாம் செத்துப் போயிற்று. மார்ச் மாதம் கமிட்டி முன்னால் எதையாவது காட்டினால்தான் இன்னும் இரண்டு வருஷம் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளச் சொல். கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பெண்ணை நிறுத்துவார்கள் என்று எனக்கும் தெரியும். அந்தப் பேச்சே வேண்டாம். அண்ணன் பக்கத்தில் இன்னொருத்தி நிற்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

பொறாமை உனக்கு மட்டும் என்று நினைக்காதே. அம்மா எழுதும் கடிதத்தில் பாதி நீதான். கமலா தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள், கமலா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நல்லது செய்கிறாய், தெரிகிறது. ஆனாலும் படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்புடன்,
மருதா


கொழிஞ்சாம்பாறை
2-11-1974

மருதாவுக்கு,

உன் கடுதாசியை எடுத்துக்கிட்டு அன்னைக்கே உங்க தோட்டத்து ஊட்டுக்குப் போனேன். பெரியம்மாகிட்ட காடை, கோழி எல்லாம் சொன்னேன். இந்தச் செல்லாத்தாள் பெத்த மக காடையையும் கோழியையும் ஒண்ணாச் சேத்துட்டுத்தான் வருவாளான்னு கேட்டாங்க. அண்ணன் பொள்ளாச்சிக்கே போய் வைகாசின்னு கேட்டுப் பாத்துச்சு. பொண்ணோட அப்பாரு படுத்த படுக்கையா இருக்காராம். தை தாண்டுனா வேற எடம் பாத்துக்கறோம்னு சொல்லிப்போட்டாங்க. அண்ணன் தைக்கே சரின்னுட்டுத் திரும்பி வந்துச்சு. அதுக்கும் வயசாகுதல்ல?

அதுக்கப்புறம் பெரியம்மா, இணைச்சீருக்கு நீ நிக்கறயா கமலான்னாங்க. அவங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள நான் சரின்னுட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னு கூடச் சொல்லல. எனக்கு ஆசை, மருதா. உம்பட போட்டோ மாட்டியிருக்கற ஆசாரத்துல எனக்கும் ஒரு நாள் நாலு பேரு எந்திரிச்சு எடம் உடட்டுமே.

இன்னொண்ணு. இருதயத்தை நாம பாத்தமா? நீ பாத்தே. ஒத்தை மைக்ராஸ்கோப்பு, முட்டையை ஒடைச்சு வெச்சது நான். முழங்கையால என்னைய ஒரு இடி இடிச்சுட்டு நீ குனிஞ்சே. எனக்கு எடம் கெடைச்சப்ப அது நின்னு போச்சு. நீ மறந்திருப்பே.

கமலா


எடின்பரோ
20-11-1974

கமலா,

நீ மறுத்திருக்கலாம்.

உனக்குக் கூடப் பிறந்த தம்பி இருக்கிறான். அவன் கல்யாணத்தில் நீ நின்றாய், நான் உனக்குப் பூ வைத்துவிட்டேன். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். வீடு உனக்கு, புருஷன் பிள்ளைகள் உனக்கு, என் அம்மாவும் இப்போது உனக்குத்தான். இதை ஒன்றையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா?

ஊசிமுனையால் செய்கிற வேலை இது. உன் கடிதம் வந்த அன்று இரண்டு கருவைக் கிழித்துவிட்டேன்.

மருதாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
1-2-1975

மருதாத்தாளுக்கு,

முழுப்பேரு போட்டு எழுதுனயே, அதனால நானும் முழுப்பேரே போட்டுட்டேன்.

நான் மறுத்திருக்கலாமா? சரி, திருவனந்தபுரம் எம்.எஸ்ஸி. சீட்டு மொதல்ல ஆருக்கு வந்துச்சு? எனக்குத்தான். பொட்டப்புள்ளைய அத்தனை தூரம் அனுப்ப மாட்டேன்னு உம்பட சித்தப்பன், எங்கய்யன், ஒத்தக்கால்ல நின்னாரு. வேண்டாம்னு என்னைய எழுதிக் குடுக்க வெச்சாரு. அடுத்த பேரு உன்னுது. பெரியப்பன் உன்னைய ரயிலேத்தி உட்டுட்டு வந்தாங்க. அன்னைக்கு நீ மறுத்திருக்கலாம்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பனா? ஸ்டேஷனுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வந்தவ நானு.

இப்ப கண்ணாலத்தைச் சொல்றேன். கேக்க மனசில்லாட்டியும் கேளு, உங்கண்ணன் கண்ணாலம்.

எல்லாம் நல்லா நடந்துச்சு. சீரு நடத்தி வெச்சது அருமைக்காரர் ஆறுமுகசாமிதான். உனக்குத் தெரியுமே, அவருக்கு நம்ம ரெண்டு ஊட்டுப் புள்ளைக பேரும் மனப்பாடம். இணைச்சீரு வந்தப்ப அவரு பாட்டுக்குப் பழக்கத்துல, மாப்பிள்ளை தங்கச்சி மருதாத்தாள் வரட்டும்னு சத்தமாக் கூப்பிட்டுட்டாரு. பந்தல்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பெரியம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டாங்க. அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

எம்பேரு கமலாத்தாளுங்க, மாத்திக் கூப்பிடுங்கன்னு நான் சொல்லியிருக்கோணும். உம்பேருக்கே எந்திரிச்சுப் போய் நின்னேன். கூறைச்சேலை முனையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறப்ப அந்த வெள்ளைக் கோட்டு எம்மேல இருக்கறாப்பல இருந்துச்சு. அத்தனை சந்தோசமா நான் எங்கண்ணாலத்துல கூட நிக்கல.

இதைச் சொல்லாம உட்டிருக்கலாம். ஒறம்பரை ஆராச்சும் உனக்கு எழுதறதுக்கு முன்னாடி நானே எழுதிப்போட்டேன்.

கமலாத்தாள்


எடின்பரோ
22-3-1975

கமலா,

என் இடத்தில் நின்றது போதாது, என் பேருக்கும் நீயே எழுந்து போய்விட்டாய். அதைச் சந்தோஷம் என்று வேறு எழுதுகிறாய். அந்த இடத்தைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன்.

கமிட்டி முடிந்தது. இன்னும் இரண்டு வருஷம் கொடுத்துவிட்டார்கள். ஒரு முட்டை பிழைத்தது. மூன்றாம் நாள் சன்னலைத் திறந்தேன், துடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதைச் சீவிச் சாயம் போட்டுப் பார்த்தால், இருதயச் சுவரில் காடைச் செல்லும் கோழிச் செல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உயிரோடு இருந்தபோது இரண்டும் சேர்ந்துதான் துடித்திருக்கின்றன. சாயம் போடும்வரை எது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. புரொபசர் கை குலுக்கினார். எனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது உன்னிடம்தான். அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

சீட்டைப் பற்றி நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைக்கும்வரை உனக்கு எழுதப் போவதில்லை. நீயும் எழுத வேண்டாம்.

மருதா


கொழிஞ்சாம்பாறை
14-12-1975

மருதா,

எழுத வேண்டாம்னே. இத்தனை மாசம் எழுதாமத்தான் இருந்தேன். இனி என்னால ஆகாது.

உங்கண்ணனுக்குப் பொம்பளைப் புள்ளை பொறந்திருக்குது. நல்ல செகப்பு, மூக்கு உம்பட மூக்கு. தலைமாட்டுல உக்காந்து பேரு கூப்பிடறதுக்கு அத்தை வேணுமில்ல? இணைச்சீருக்கு நின்னவ நாந்தான், நானே வந்து பேரைக் கூப்பிடோணும்னு பெரியம்மா ஆளு உட்டாங்க. சேலையெல்லாம் எடுத்துக் கட்டிட்டேன். வாசப்படி தாண்டலை. காய்ச்சல்னு சொல்லி அனுப்பிட்டேன். அடுத்து குறிச்ச நாளுக்கும் காய்ச்சல்தான். எங்க ஊட்டுக்காரரு நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டு, இது எந்த ஊருக் காய்ச்சல்னு சிரிக்கறாரு. புள்ளைக்கு இன்னும் பேரில்லை, எல்லாரும் பாப்பான்னுதான் கூப்பிடறாங்க.

நான் நல்லவளாகிப் போயிட்டேன்னு நெனைச்சுக்காதே. போய் உக்காரோணும்னு கை காலெல்லாம் பறக்குது. உம்மேல இருந்த எரிச்சல் ஒரு பொட்டும் கொறையலை. ஆனா அருமைக்காரரு பந்தல்ல கூப்பிட்டது உம்பேரைத்தான், ஊரே கேட்டுச்சு. அந்தச் சீரு உன்னுது. நான் முனையைப் புடிச்சுக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான். அந்த எம்.எஸ்ஸி. சீட்டும் அப்படித்தான், எடுத்துக்க. பதிலு தேடிக்கிட்டு இருக்காதே.

இப்பத்தான் ரெண்டு வருசம் எழுதி வாங்கிட்டயே, பங்குனிக்கு லீவு போட்டு வா. பெரியம்மாளுக்கு என்ன சமாதானம் சொல்லியாச்சும் அதுவரைக்கும் இழுத்துப் புடிக்கறேன். அதுக்கு மேல எனக்குக் காய்ச்சல் வராது, நானே போய் எம்பட பேரையே புள்ளைக்கு வெச்சுட்டு வந்துருவேன்.

நீ வர்ற நாளுக்குத் தோதா ஒரு கோழியை அடை வெக்கறேன். இத்தனை வருசத்துல எத்தனையோ அடை வெச்சிருக்கேன், மூணாம் நாளு ஒரு முட்டையைக் கூட ஒடைச்சுப் பாத்ததில்லை. தனியாப் பாக்க மனசு வரலை. சன்னல் வெட்டறதை நீ வெட்டிக் குடு.

இந்த வாட்டி மொதல்ல நான் பாக்கறேன். முழங்கையை மடக்கி வெச்சுக்கிட்டு நீ பின்னாடி நில்லு.

உம்பட
கமலா