மூன்று உருட்டோடு என்னை நிறுத்திய அண்ணனுக்கு

பொய்யும் சிரிப்புமாக வாழ்ந்து, நல்ல மனிதர் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்த என் அருமை அண்ணா,

அங்கே தாயக்கட்டை உண்டா? இருந்தால், உன் எதிரில் உட்கார்ந்து ஆடும் ஜீவனுக்காகப் பரிதாபப்படுகிறேன்.

போன ஞாயிறு தம்பி தரணி விழுப்புரத்திலிருந்து வந்திருந்தான். உன் பித்தளைக் கட்டைகளை அண்ணி கொடுத்தனுப்பியிருந்தார்கள். "அந்த மல்லாட்டை ஆட்டம் சொல்லிக் குடும்மா" என்றாள் என் மகள் பத்மா. எனக்குப் பாதி நினைவு, தரணிக்குப் பாதி.

கட்டைகளை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்குக் கூடையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து முன்னால் குவிக்க வேண்டும். போதும் என்றால் மடியில் கட்டிக்கொள்ளலாம். ஆசையிருந்தால் மறுபடி உருட்டலாம். ஊரெல்லாம் தாயம் விழ வேண்டிக்கொள்ளும். நம் ஆட்டத்திலோ தாயம் விழுந்தால் குவியல் மொத்தமும் கூடைக்குத் திரும்பிவிடும். இதுவரை இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

பத்மா மூன்று முறை உருட்டிவிட்டு நான்காவதற்குக் கையை உயர்த்தினாள். "மூணோட நிறுத்துடி, அதான் ரூலு" என்றேன்.

"எந்த ரூலு?" என்றான் தரணி.

"மும்மணிக் கணக்குடா. அண்ணன் உனக்குச் சொல்லலயா?"

அவன் சிரித்த சிரிப்பில் மல்லாட்டை புரையேறிவிட்டது. "அக்கா, அது உனக்கு மட்டும் போட்ட ரூலு! நாங்க அஞ்சு, ஆறுன்னு உருட்டிக்கினு இருந்தோமே, நீ பாக்கலயா?"

"பாத்தேன். அது உங்க பாவம்னு நெனச்சேன்."

"நீ ஜெயிச்சிக்கினே இருந்த, அண்ணனுக்குத் தாங்கல. பகவான் பேரச் சொன்னா நீ எதிர்க்கேள்வி கேக்க மாட்டன்னு அவருக்குத் தெரியாதா?"

முதல் உருட்டுக்கு நற்காட்சி, அடுத்ததற்கு நல்ஞானம், மூன்றாவதற்கு நல்லொழுக்கம் என்று நம் சமண மும்மணியை முணுமுணுத்துக்கொண்டே உருட்டுவேனே, அண்ணா. எதிரில் உட்கார்ந்து எப்படிச் சிரிக்காமல் இருந்தாய்? தங்கையின் மடியில் நாலு மல்லாட்டை கூடிவிடக் கூடாது என்பதற்காக மும்மணியையே துணைக்கு இழுத்த வீரன் நீ. உன் படத்துக்கு மாலை வேறு.

உப்பு, புளி வரை கணக்கு வைப்பவள் நான். ஆனால் உன் கணக்கைச் சரிபார்க்கத் தோன்றவே இல்லை. ஆட்டத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. எதையும் மூன்று முறை கேட்பது, பிறகு வாயை மூடிக்கொள்வது என்றே வளர்ந்துவிட்டேன். பத்தாவதுக்கு மேல் படிக்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டதும் மூன்று முறைதான். அன்று நீயும் கூடத்தில்தானே நின்றாய்?

பத்மாவுக்குப் பாண்டிச்சேரியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இந்த வாரத்துக்குள் சேர வேண்டும். "பொட்டப்புள்ள தெனம் பஸ்ஸுல போய்க்கினு வந்துக்கினு இருக்கறதா? வேணாம்" என்று உன் அருமை மாப்பிள்ளை சொல்லிவிட்டார். மூன்று முறை கேட்டு நானும் அடங்கிவிட்டிருந்தேன்.

தரணி கிளம்பிய பிறகு, பொழுது சாயுமுன் சாப்பிட உட்கார்ந்தபோது நான்காவது முறை கேட்டேன். கேப்பைக் களியை உருட்டிய அவர் கை அப்படியே நின்றது.

"இன்னா இது? மூணு தபா கேட்டாச்சே, இன்னும் இன்னா?"

பத்மா குனிந்த தலை நிமிரவில்லை. "அப்பா எங்கிட்ட அன்னிக்கே சொன்னாரும்மா. உங்கம்மா மூணு தபா கேப்பா, அப்புறம் கம்முனு ஆயிடுவான்னு."

கேட்டாயா? நீ போட்ட ரூலை வைத்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து அவர் ஆடி ஜெயித்திருக்கிறார். நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சிரித்திருக்க வேண்டிய விஷயம். அவசரப்பட்டுப் போய்விட்டாய்.

நேற்று ஐந்தாவது முறை கேட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். இன்று காலை ஆறாவது. சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டு, கழற்றி மறுபடி போட்டுக்கொண்டே, "பாக்கலாம்" என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

பத்மா பாண்டி பஸ்ஸில் ஏறும் வரை கேட்பதை விடமாட்டேன். பகவான் முன் நின்று சொல்கிறேன். உன்னைப் போல விளையாட்டுக்கு அவர் பெயரை இழுக்கவில்லை.

இன்னும் உன்னை மன்னிக்காத உடன்பிறந்தவள்,
குணமாலா,
திண்டிவனம்.