இரண்டாம் நிலையத்தின் கள்ள நகல்

நிலவு, தென்முனை, முதலாம் நிலையம்
பதிபவர்: ஓவியா ஜெபராஜ், நிலவியலர். கூடுதல் பொறுப்பு: உரிமச் சோதனை.

நாள் 112, 07:30

உள் வெப்பம் 21 பாகை. காற்றழுத்தம் சரி. குடிநீர் 340 லிட்டர். கதிர்வீச்சு வழக்கமான அளவு.

உரிமச் சோதனை முடிந்தது. இங்கே இரண்டு நிலையங்கள், ஆறு கணினிகள். ஆறிலும் ஓடுவது ‘மருதம்’ என்ற ஒரே மென்பொருள். துளையிடுவது, சூடேற்றுவது, காற்றைச் சுத்தம் செய்வது எல்லாம் அதன் வேலை. ஒவ்வொரு கணினிக்கும் தனி உரிமம் உண்டு. தினமும் காலையில் ஒவ்வொரு மருதமும் தான் எந்தக் கணினியில் இருக்கிறது என்று தரைக்கு, அதாவது பூமியிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துக்கு, சொல்லும். தரை சரிபார்த்து அன்றைய அனுமதியைக் கொடுக்கும். பட்டியல் என் திரைக்கு வரும், நான் கையொப்பமிட வேண்டும். இன்று ஆறும் பச்சை.

இரண்டாம் நிலையம் இங்கிருந்து 31 கிலோமீட்டர். அங்கே நறுமுகை தனியாக இருக்கிறாள். இங்கே நான் தனி. இருவரும் திருநெல்வேலியில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. அவள் முதலிடம், நான் இரண்டாமிடம். நான்கு வருடமும் அப்படித்தான். இது நிலையப் பதிவில் வர வேண்டிய விஷயமல்ல என்று தெரியும்.

நாள் 113, 12:10

தரையின் பொதுச் செய்தியில் வந்தது: ஒன்பதாம் சரிவில், 58 மீட்டர் ஆழத்தில், பனிப்படுகை. கண்டவர் நறுமுகை.

ஒன்பதாம் சரிவின் வரைபடம் நான் போட்டது. அங்கே துளையிட மூன்று முறை எழுதிக் கேட்டேன். ‘முதலாம் நிலையத்திலிருந்து தூரம் அதிகம்’ என்று மூன்று முறையும் பதில் வந்தது. துளைப்பானை அவளிடம் கொடுத்தார்கள்.

ரேடியோவில் வாழ்த்துச் சொன்னேன். அவள் சொன்னது: “உன் வரைபடம் இல்லன்னா நான் எங்க போய்த் தோண்டியிருப்பேன், சொல்லு. இன்னும் நாலு மீட்டர் இறங்குனா படுகையோட அடி தெரிஞ்சிரும்ட்டி.”

அவள் மனதாரத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. அவள் என்றைக்காவது என்னைப் போட்டியாக நினைத்திருந்தால் இத்தனை கசப்பு இருந்திருக்காது. அவளுக்கு அப்படி ஒரு நினைப்பே வந்ததில்லை.

மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தேன்.

நாள் 115, 07:40

உரிமச் சோதனை. ஐந்து பச்சை, ஒன்று மஞ்சள்.

மஞ்சள் இரண்டாம் நிலையத்தில். ஒரே உரிம எண் இரண்டு கணினிகளில் தெரிகிறது. பதிவான கணினி நேற்று முதல் மௌனம். அதே எண்ணோடு துளைப்பானின் உதிரிக் கணினியில் இன்னொரு மருதம் ஓடுகிறது. எந்த வேலைக்காக ஓடுகிறது என்பதைப் பட்டியல் காட்டாது.

எனக்கு உடனே தோன்றியது இதுதான்: துளைப்பு வேகத்தைக் கூட்ட நகலெடுத்துப் போட்டிருக்கிறாள். அந்த நான்கு மீட்டரை எட்டுவதற்கு.

திரையில் இரண்டு பொத்தான்கள். ‘கணினி மாற்றம், அனுமதி.’ ‘அனுமதியற்ற நகல், புகார்.’ இரண்டாவதை அழுத்தினால் ஒரு கேள்வி வரும்: ‘பயனரிடம் விசாரித்தீர்களா?’ விசாரிக்காமல் புகார் செய்யக் கூடாது என்பது விதி. ரேடியோவை எடுத்துக் கேட்க அரை நிமிடம் போதும்.

‘ஆம்’ என்று போட்டேன்.

48 மணி நேரத்தில் அந்த நகல் பூட்டிக்கொள்ளும். விசாரணை முடியும்வரை துளைப்பு நிற்கும். மூன்று நாள் நிற்கட்டும் என்று நினைத்தேன். அதற்குமேல் எதையும் நினைக்கவில்லை. இதை வாசிப்பவர் நம்பாமல் போகலாம். நான் எழுதுவது உண்மை.

நாள் 116, 08:05

நறுமுகை கூப்பிட்டாள். அவள் பேசியதை ஒலிப்பதிவிலிருந்து அப்படியே எழுதுகிறேன்.

“ஏட்டி ஓவியா, எனக்கு ஸ்க்ரீன் ஃபுல்லா செவப்பா வருது. ‘இது உண்மையான நகல் அல்ல, நாளை 07:40க்குப் பூட்டப்படும்’னு. என் காத்து கம்ப்யூட்டர் முந்தாநாள் எரிஞ்சி போச்சு. மருதத்த தூக்கி டிரில்லோட உதிரி கம்ப்யூட்டர்ல போட்டுத்தான் மூச்சு விட்டுட்டிருக்கேன். தரைக்குச் சொல்லல. சொன்னா டிரில்ல நிறுத்திட்டு உன் நிலையத்துக்குப் போன்னு வண்டி ஏத்திருவாங்க. நீதான லைசென்ஸ் பாக்குத, சரின்னு போட்டுவிடு. என்ன?”

நான் சொன்னது: “பாத்துக்கிடுதேன்.”

அவ்வளவுதான் சொன்னேன். புகார் கொடுத்தது நான் என்று சொல்லவில்லை.

நாள் 116, 11:20

தரையின் உரிமப் பிரிவில் தங்கராசு என்பவர் இருக்கிறார். புகாரைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். பதில்:

“மேடம், விசாரிச்ச பிறகு கொடுத்த புகாரை மூணு பேர் குழு கூடித்தான் எடுக்கணும். நாளை மறுநாள்தான் கூடுவாங்க. ஆனா ஒண்ணு. நீங்க விசாரிக்காமலே ‘ஆம்’னு போட்டிருந்தா சொல்லுங்க, இந்த நிமிஷமே நீக்கிடறேன். உங்க பொறுப்பை எடுத்துடுவாங்க, பூமிக்குக் கூப்பிட்டு விளக்கம் கேப்பாங்க. வேற ஒண்ணும் இல்ல. விசாரிச்சீங்களா?”

பதிலுக்கு அவர் காத்திருந்தார். பின்னணியில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம்கூடக் கேட்டது.

“விசாரித்தேன்” என்றேன்.

பொறுப்பை எடுத்துவிட்டால் நான் திரும்பிப் போகும் கப்பலில், அவள் இங்கே இருப்பாள். அந்தக் காட்சிதான் கண்ணில் வந்தது.

நாளைக் காலை பூட்டுவதற்கு முன் ரோவரில் போய் அவளை இங்கே அழைத்துவந்துவிடலாம். ஐந்து மணி நேரப் பயணம். இப்போது கிளம்பினால் மாலைக்குள் அங்கே இருப்பேன். ஆனால் வழி முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது யார் புகார் கொடுத்தது என்று கேட்பாள்.

கிளம்பவில்லை. மண் மாதிரிகளுக்கு எண் போட்டேன். இருபத்தேழு மாதிரிகள்.

நாள் 117, 08:00

பூட்டும் நேரம் தாண்டிவிட்டது. நான் கூப்பிடுவதற்குள் அவளே கூப்பிட்டாள். குரலில் கவலை இல்லை.

“தரைக்காரன் பதில் போடலயா? போகட்டும். காலையில நாலு மணிக்கே உக்காந்துட்டேன். மருதத்துக்குள்ள அந்த லைசென்ஸ் பாக்குற பகுதிய கழட்டி எறிஞ்சாச்சு. இப்ப அது தரைக்கிட்ட எதுவும் கேக்காது, தரை சொன்னாலும் கேக்காது. காத்து, சூடு எல்லாம் பச்சை. கள்ளக் காப்பிதான், என்ன பண்ண. வெளிய சொல்லிராத.”

நான்கு மணி நேரம். மருதத்தின் சோதனைப் பகுதி எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் பயிற்சி கொடுக்கவே ஆறு வாரம் ஆனது. அவள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் நான்கு மணி நேரத்தில் பிரித்துப் போட்டிருக்கிறாள்.

அவள் பிழைத்தாள் என்ற நிம்மதியும் அவளால் இதுவும் முடிகிறதே என்ற எரிச்சலும் ஒன்றாக வந்தன. எது முதலில் வந்தது என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது.

இனி நான் யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்றும் தோன்றியது.

நாள் 117, 13:05

நறுமுகை:

“ஓவியா… நாலு மீட்டர் இறங்கிட்டேன். அடி வந்துட்டு. தல ரொம்ப வலிக்கு. நாலு மீட்டர் இறங்கிட்டேன். செத்த நேரம் படுத்துட்டு சொல்லுதேன்.”

சொன்னதையே இரண்டு முறை சொன்னாள். நாக்கு குழறியது.

மருதத்தின் கையேட்டைத் திறந்தேன். பக்கம் 211. கரியமில வாயுவின் அளவைப் படிக்கும் பகுதி மட்டும் அன்றைய அனுமதி இல்லாமல் திறக்காது. சோதனைப் பகுதியைக் கழற்றிவிட்டால் மற்றவை ஓடும். இது மட்டும் கடைசியாகப் படித்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அளவு ஏறுவது மருதத்துக்குத் தெரியாது, ஆகவே வடிகட்டியின் வேகத்தையும் கூட்டாது.

அவள் பார்க்கிற பச்சை பொய்.

“நறுமுகை, உடுப்ப மாட்டு. விண்வெளி உடுப்பு. ஹெல்மெட்டயும் மாட்டு. உன் திரைய நம்பாத. கேக்குதா?”

“ம்.”

“எந்திச்சிட்டியா?”

பதில் இல்லை.

நாள் 117, 13:30

ரோவரில் ஏறிவிட்டேன். தங்கராசிடம் உயிர் ஆபத்து என்று சொன்னேன். புகாரை இரண்டே நிமிடத்தில் நீக்கினார். யாரும் குழுவைக் கூட்டவில்லை, எதையும் கேட்கவில்லை. உயிர் என்று நேற்றே ஒரு சொல் சொல்லியிருந்தால் நேற்றே நீக்கியிருப்பார்.

அனுமதி தரையிலிருந்து அவள் கணினிக்குப் போனது. அங்கே அதைக் கேட்பதற்கான பகுதி இல்லை. அவள்தான் கழற்றி எறிந்துவிட்டாளே.

நாள் 117, 15:10

11 கிலோமீட்டர். பாதை கரடு. வேகம் கூட்டினால் சக்கரம் புதைகிறது.

பதில் வராத ரேடியோவில் எல்லாவற்றையும் சொன்னேன். “புகார் குடுத்தது நான்தான்ட்டி. உங்கிட்ட கேக்காமலே கேட்டதா போட்டேன். நேத்து தங்கராசு கேட்டப்பவும் பொய் சொன்னேன். நேத்தே வண்டிய எடுத்திருக்கலாம். எடுக்கல. நீ எந்திச்சி என்ன ஏசு. எவ்வளவு வேணும்னாலும் ஏசு.”

இரைச்சல் மட்டும்.

நாள் 117, 16:45

22 கி.மீ. கல்லூரியில் ஒருமுறை என் நிரல் ஓடவில்லை. அவள் பார்த்துவிட்டு ஒரு எழுத்தை மாற்றினாள். ஓடியது. நன்றி சொன்னேன். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவள் கேட்கவும் இல்லை. கவனித்திருக்கவே மாட்டாள்.

இடது சக்கரம் சூடாகிறது. நிறுத்தவில்லை.

நாள் 117, 19:20

18:25-க்கு வந்து சேர்ந்தேன். கதவைக் கையால் சுற்றித் திறந்தேன்.

உள்ளே விளக்குகள் எரிகின்றன. திரையில் எல்லாம் பச்சை. என் உடுப்பிலிருந்த அளவுமானி உள்ளே நுழைந்ததும் அலறியது.

படுக்கையில் இருந்தாள். விண்வெளி உடுப்பின் கால்பகுதியை மட்டும் மாட்டியிருந்தாள். நான் சொன்னது கேட்டிருக்கிறது. எழுந்திருக்கிறாள். ஒரு காலை நுழைத்திருக்கிறாள். இன்னொரு காலையும்.

என் உடுப்பின் உதிரிக் குழாயை அவள் முகத்தில் வைத்தேன். மார்பை அழுத்தினேன். நாற்பது நிமிடம். உடல் குளிர்ந்திருந்தது. மணி 19:10-க்கு நிறுத்தினேன்.

திரையை அணைத்தேன். அணைக்கும்வரை அது பச்சையாகவே இருந்தது.

நாள் 118, 14:00

அவளை முதலாம் நிலையத்துக்குக் கொண்டுவந்தேன். முறைப்படி செய்ய வேண்டியவற்றைச் செய்தேன். அவள் எடுத்த பனி மாதிரிகளையும் எடுத்து வந்தேன். கடைசி மாதிரியில் ஆழம் 62.3 என்று எழுதியிருக்கிறாள். கையெழுத்து கோணியிருந்தாலும் எண் சரி. மாதிரியை என் கருவியில் சோதித்தேன், ஆழத்தைத் துளைப்பானின் பதிவோடு ஒப்பிட்டேன். தசமம் வரை சரி. அந்த மூச்சிலும் அவள் பிழை விடவில்லை.

தூங்கவில்லை. உப்புமாப் பொட்டலத்தைத் திறந்து வெந்நீர் ஊற்றி அப்படியே வைத்திருக்கிறேன்.

நாள் 119, 09:00

தங்கராசு:

“மேடம், குழு விசாரணைய முடிச்சிட்டாங்க. லைசென்ஸ் இல்லாத காப்பிய ஓட்டினது அவங்க, மென்பொருள்ல கை வச்சதும் அவங்க. நீங்க முறைப்படி விசாரிச்சிப் புகார் கொடுத்திருக்கீங்க, காப்பாத்தவும் போயிருக்கீங்க. உங்க ஃபைல் சுத்தமா இருக்கு. இன்னொரு விஷயம். விதிமீறலுக்கு அப்புறம் எடுத்த கடைசி மாதிரியிலதான் படுகை உறுதியாச்சு, அதனால அவங்க பேர்ல பதிய முடியாதாம். சரிவோட வரைபடம் உங்களுது, கடைசி மாதிரியச் சோதிச்சதும் நீங்க. பனிப்படுகையக் கண்டுபிடிச்சவர்னு உங்க பேரப் போட்டுடலாம்னு சொல்றாங்க. சம்மதம்னு ஒரு வரி அனுப்பினா போதும். மனசத் தேத்திக்கங்க.”

நாள் 119, 09:20

இதை வாசிப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மற்றவற்றை யாரும் கண்டுபிடித்துவிடலாம். ஒலிப்பதிவுகள் இருக்கின்றன, நேரங்கள் இருக்கின்றன. இதை நான் சொன்னால்தான் தெரியும்.

‘உங்க பேரப் போட்டுடலாம்’ என்று அவர் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடி இருக்கும். அவள் சுவருக்கு அந்தப் பக்கம், குளிர் அறையில் இருக்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பெயர் அந்த இடத்தில் எப்படித் தெரியும் என்றுகூட மனம் எழுதிப் பார்த்துவிட்டது. ‘ஓவியா படுகை.’

பிறகு எழுந்து கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். ஆனால் அந்த நொடி இருந்தது.

நாள் 119, 10:05

சம்மதம் என்று ஒரு வரி கேட்டார். அதற்குப் பதிலாக நாள் 112 முதல் இந்த வரி வரை எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். தரைக்கு, விசாரணைக் குழுவுக்கு, நறுமுகையின் அம்மாவுக்கு. மூன்று முகவரிகள். எதையும் திருத்தவில்லை. திருத்த ஆரம்பித்தால் என்னை நல்லவளாக்கிவிடுவேன்.

அவள் நகலெடுத்தது தவறு. தரையிடம் மறைத்ததும் தவறு. அதையும் எழுதியிருக்கிறேன். ஆனால் அவள் என்னை நம்பி மறைத்தாள்.

நாள் 119, 10:06

அனுப்பிவிட்டேன். இங்கிருந்து பூமிக்குப் போய்ச் சேர ஒன்றேகால் நொடி. இதை எழுதும்போதே போய்ச் சேர்ந்திருக்கும்.