ஜி வே, ஜு வியன்

இன்று காலை பால் எடுக்க பிரிட்ஜைத் திறந்தேன். கதவில் நீ ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டு பசை விட்டுக் காலடியில் விழுந்தது. பிரெஞ்சில் 'போ', 'வா' இரண்டுக்கும் நீ எழுதிய வாய்பாடு. நீல மை உன்னுடையது, அடித்துத் திருத்திய சிவப்பு மை என்னுடையது. குனிந்து எடுத்தவன் பாலை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கனடாவில், மாண்ட்ரியலில் இருக்கும் உன் அக்காவிடம் போய்ச் சேர வேண்டும், அதற்குப் பிரெஞ்சுத் தேர்வில் தேற வேண்டும் என்று நாம் சேர்ந்து படித்த மொழி. அதன் ஒழுங்கில்லாத வினைகளைக் கண்டாலே நான் எரிந்து விழுவேன். 'போகிறேன்' என்றால் 'வே', 'போவேன்' என்றால் 'இரே'. இரண்டுக்கும் என்ன உறவு? நீ சிரித்தாய்.

"நம்ம 'வா' மட்டும் ஒழுங்கோ? வந்தேன், வருவேன்னு மாறறது, கேட்டேளா?"

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பேசி ஜெயித்தவன் யார்?

உனக்கு வராதது ஒன்றுதான். பேச்சுப் பயிற்சியில் விடைபெற 'ஜி வே', போகிறேன் என்றால் போதும். நீ அதோடு நிறுத்தமாட்டாய். 'ஜு வியன்', வருகிறேன் என்று ஒட்டுவாய். போயிட்டு வரேனாம். அப்படியொரு வழக்கு பிரெஞ்சில் இல்லை, மார்க் போய்விடும் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"வெறுமனே போறேன்னு நாக்குல வரமாட்டேங்கறது, என்ன செய்ய?" என்றாய்.

நானும் விடவில்லை. ஒரு வாரம் திருத்திக்கொண்டே இருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாய். "ஜி வே" என்று சொல்லி நிறுத்தினாய். சரியா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாய். சபாஷ் என்றேன். கழக்கூட்டம் போகும் நெடுஞ்சாலையில் உன் ஸ்கூட்டரை லாரி இடித்தது. அங்கேயே போய்விட்டாய்.

ஒரு சொல்லால் யாரும் சாவதில்லை என்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த சபாஷைச் சொன்னவன் நான்தான்.

போன மாதம், நீ ஆசைப்பட்ட தேர்வுக்குத் தனியாகப் போனேன். பேச்சுத் தேர்வு முடிந்து எழுந்தபோது வாயில் வந்தது உன் வாக்கியம்: ஜி வே, ஜு வியன். எதிரே இருந்த அம்மையார் அன்பாகத் திருத்தினார். 'ஜி வே' என்றாலே போதுமாம்.

போதாது என்று சொல்லும் அளவுக்கு எனக்கு பிரெஞ்சு தெரியும். ஆனால் அவர் முன்னால் நின்றபடியே அழுதேன்.