இலுப்பைப் பூ கொட்டும் வழியில்

அன்பு மகன் பூவரசனுக்கு நெல்லிவாசலிலிருந்து அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் சரிதாவும் பாப்பாவும் புனேயில் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன், முழுசும் படி. புளி உலுக்கி முடித்துவிட்டோம். செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, அப்பா இருந்திருந்தால் மூன்று நாளைக்குக் கொட்டகையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டார்.

நீ சொன்னது மனதில்தான் இருக்கிறது. அப்பா போய் நான்கு மாதம் ஆகிறது, வெளியூர்க்காரர்களுக்குக் காடு காட்டுகிற வேலை அவரோடு போகட்டும், வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களிடம் வந்துவிடு என்றாய். நானும் சரி என்றுதான் இருந்தேன். ஆனால் அப்பா எப்போதோ வரச் சொல்லியிருந்த ஆறு பேர் போன சனிக்கிழமை சென்னையிலிருந்து ஆலங்காயம் வந்து ஜீப்பில் ஏறி வந்துவிட்டார்கள். அவர் இறந்தது அவர்களுக்குத் தெரியாது. கூட்டி வந்த கலைவாணி என்ற பெண் கேட்டதும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு தூரம் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. இருபது வருஷம் சோற்று மூட்டையோடு அவர் பின்னால் நடந்தவள்தானே, யானைப்பாறைக்கு நானே கூட்டிப் போகிறேன் என்றேன்.

உன் பெரியப்பா துரைக்கண்ணு ஓடி வந்தார். இன்னாம்மா, புருசன் போய் வருசம் திரும்பல, நீ வழியில முன்னாடி நடந்தா பின்னாடி வர்றவங்களுக்கு ஆவுமா என்றார். நம் வழக்கம்தானே என்று நானும் கடைசியில் நடந்தேன், இடது பக்கம் திரும்புங்க, ஓடையைத் தாண்டுங்க என்று பின்னாலிருந்தே கத்திக்கொண்டு போனேன். அத்தி மரத்தில் மலையணில் தாவியதைப் பார்த்துக் குதித்தார்கள். கரடி பார்க்கலாமா என்று கேட்டார்கள். பார்க்காம திரும்பினாதான் எனக்கு நல்ல பேரு என்றேன், சிரித்தார்கள்.

இது பங்குனி, இலுப்பைப் பூ கொட்டுகிற மாதம், கரடி அந்தப் பூவுக்கு வரும். உனக்குத்தான் தெரியுமே, ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போகிறவர் தடியால் பாறையில் மூன்று தட்டு தட்டி நிற்க வேண்டும், சத்தம் கேட்டால் அது தானாக விலகிவிடும். உன் அப்பா ஒரு திருப்பத்தையும் விட்டதில்லை. தடி என் கையில், நானோ கடைசியில். நான் தட்டிய சத்தம் திருப்பத்தைத் தாண்டவில்லை. முதலில் போன கண்ணாடிக்காரர் திரும்பிய இடத்தில் முதுகில் குட்டியோடு தாய்க்கரடி நிற்கிறது, இருபதடிகூட இருக்காது. அவர் ஓடப் பார்த்தார். எல்லோரையும் தள்ளிக்கொண்டு நான் முன்னால் போய் நின்றேன். ஓடாதீங்க, என் முதுகையே பார்த்துக்கினு பின்னாடியே போங்க என்றேன். கிட்டத்தில் தடியைத் தட்டினால் கரடி மேலே பாயும், அதனால் உன் அப்பா பேசுகிற மாதிரி மெதுவாக, போம்மா, புள்ளய கூட்டிக்கினு போ என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கினேன். அது எழுந்து நின்று மோப்பம் பிடித்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை, நீ பயப்படாதே.

அதற்கப்புறம் நான் பின்னால் போகவில்லை. பாறை உச்சிக்கும் முன்னால், ஊருக்குள்ளும் முன்னால். பெரியப்பா பார்த்துவிட்டு இன்னாம்மா இது என்றார். கடைசில போயிதான் மாமா ஆறு பேரையும் கரடிகிட்ட குடுக்கப் பார்த்தேன் என்றேன். கலைவாணி நடந்ததையெல்லாம் சொன்னாள். பெரியப்பா தடியை வாங்கிப் பார்த்து, அடியில இரும்புப் பூண் தேஞ்சி போச்சி, வேற போட்டுத் தர்றேன் என்று எடுத்துக்கொண்டு போனார். நான்கு மாதத்தில் அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

பாப்பாவை வெயிலில் விடாதே, சரிதாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், நம் மலைச்சாமி துணை இருக்கும். ஒன்று மறக்காதே, எனக்குப் போட்ட ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. டிக்கெட் போட்ட அதே வெள்ளிக்கிழமை காடு பார்க்கப் பதினோரு பேர் வருகிறார்கள், நான் முன்னால் நடக்க வேண்டும்.

உன் அம்மா
மாதம்மாள்